நிஷாகந்தியும் அதன் கொடிக்கார உறவுகளும்: வளர்க்கும் முறை

"கள்ளிதானே அக்கா, தண்ணி ஊத்தாம வெயில்ல போட்டா வளந்துடும்ல?" இரவில் பூக்கும் நிஷாகந்தி நாற்று வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். வளராது. இந்தக் கூட்டத்துக்கும் பாலைவனத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மெக்சிகோவின் தென்பகுதி, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் என்று மழை பெய்கிற காடுகளில் மரத்தைப் பிடித்து ஏறியும், கிளைக் கவட்டில் சேர்ந்த இலைக்குப்பையில் வேர் ஊன்றியும் வாழ்கிற செடிகள் இவை. இலை இடுக்கில் வடிந்து வரும் வெயில், அடிக்கடி நனைந்து சீக்கிரம் உலரும் வேர், பிடித்து ஏற ஒரு மரம். இந்த மூன்றும் கிடைத்தால் போதும். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் மிளகுக் கொடி ஏற்றிப் பழகியவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். மிளகுக்குச் செய்வதில் முக்கால்வாசி இதற்கும் பொருந்தும்.

வாங்குமுன் தண்டைப் பாருங்கள்

நர்சரிக்காரர் சொல்லும் பெயரை நம்பி வாங்காதீர்கள். நானும் நாற்று விற்கிறவள்தான், அதனால்தான் சொல்கிறேன். ஒரே செடி நிஷாகந்தி, பிரம்ம கமலம், குயின் ஆஃப் தி நைட் என்று மூன்று பெயரில் மூன்று விலைக்குப் போகும். பூ இல்லாத காலத்தில் தண்டு ஒன்றுதான் பொய் சொல்லாது.

தண்டு இலை மாதிரித் தட்டையாக, முள்ளே இல்லாமல், ஓரம் அலையலையாக வெட்டுப்பட்டிருந்தால் அது எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம். நம் ஊர் வீடுகளில் இருப்பதில் பெரும்பாலும் இதுதான். கேரளத்தில் நிஷாகந்தி, திருவனந்தபுரம் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் நடக்கும் நடன விழாவுக்கே இந்தப் பெயர். இலங்கையில் சிங்களவர்கள் கடுபுல் என்பார்கள். தமிழ்நாட்டு நர்சரிகளில் பிரம்ம கமலம். அசல் பிரம்ம கமலம் இமயமலை உச்சியில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. உத்தரகண்ட் மாநிலத்தின் மலர். அது குலசேகரத்துக்கு வராது, சென்னைக்கும் வராது. வந்திருக்கிறது என்று யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தண்டு உருண்டையாக, கட்டைவிரல் தடிமனுக்குள், ஐந்து முதல் எட்டு வரி மேடுகளோடு, மெல்லிய ஊசி முள்ளும் கொஞ்சம் ரோமமும் கொண்டு, கயிறு போல நீண்டு போனால் அது செலினிசீரியஸ் கிராண்டிஃப்ளோரஸ். லின்னேயஸ் 1753-லேயே பெயர் வைத்த செடி. ஜமைக்கா, கியூபா, மெக்சிகோ பக்கத்து ஆள். குயின் ஆஃப் தி நைட் என்ற பட்டம் நியாயமாக இதற்குத்தான் உரியது. பூவின் வெளி இதழ்கள் ஒல்லியாக, மஞ்சளும் பழுப்பும் கலந்து கதிர் மாதிரி விரியும்; நடுவே வெள்ளை; வாசனை வெனிலா சாயலில் கனமாக இருக்கும். ஹோமியோபதிக் கடையில் 'காக்டஸ் கிராண்டிஃப்ளோரஸ்' என்று பாட்டிலில் எழுதியிருப்பது இந்தச் செடியைத்தான். அதற்காக வீட்டில் பறித்து அரைத்துக் குடிக்க வேண்டாம்.

அதே மாதிரிக் கொடி, ஆனால் தண்டு இன்னும் பருமன், நீலம் பூத்த பச்சை, நாலைந்து வரி மேடு, முள் வெறும் குட்டையான கூம்பு. இது செலினிசீரியஸ் டெரந்தஸ், 'பிரின்சஸ் ஆஃப் தி நைட்'. பூ ராணியின் பூவைவிடச் சின்னது இல்லை. வாசனையில்தான் தோற்றுப்போகும். இரண்டையும் மாற்றி விற்பது சர்வ சாதாரணம். முள்ளைத் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்: குத்தினால் ராணி, சொரசொரத்தால் இளவரசி.

தண்டு மூன்று பட்டையாக, சதைப்பற்றோடு, முற்றிய ஓரம் கொம்பு மாதிரி காய்த்துப்போய் இருந்தால் அது டிராகன் பழக்கொடி. ஹைலோசீரியஸ் அண்டேட்டஸ் என்று படித்தவர்கள் இப்போது செலினிசீரியஸ் அண்டேட்டஸ் என்று கேட்டால் குழம்ப வேண்டாம். 2017-இல் மரபணு ஆய்வை வைத்து ஹைலோசீரியஸ் பேரினத்தையே செலினிசீரியஸோடு சேர்த்துவிட்டார்கள். பழத்துக்காகவே எல்லாரும் வளர்க்கிறோம். பூவுக்காக வளர்த்தவர்களும் உண்டு. ஹவாயில் ஹொனலுலுவின் புனஹோ பள்ளிச் சுவரில் 1836-இல் நட்ட வேலி இன்றும் பேர்போனது. பூக்கிற இரவில் சுவர் முழுக்க வெள்ளை.

தட்டைத் தண்டு, ஆனால் இரண்டு ஓரமும் மீன் முள் மாதிரி ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்று. செலினிசீரியஸ் அந்தோணியானஸ் என்றால் வெளி இதழ் கருஞ்சிவப்பு, உள்ளே பாலேடு நிறம், பூ குட்டை. டிஸோகாக்டஸ் அங்குலிகர் என்றால் குழல் நீண்ட வெளிர் பூ. பூக்கும் வரை உறுதியாகச் சொல்வது கஷ்டம். தொங்குதொட்டிக்கு இரண்டுமே அழகு, ஆகவே கவலைப்படாமல் வாங்கலாம்.

செலினிசீரியஸ் விட்டி எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். அமேசானில், ஆண்டில் பல மாதம் வெள்ளத்தில் நிற்கும் காட்டில், மரப்பட்டையோடு ஒட்டிப் படரும் தட்டைக் கள்ளி அது. மார்கரெட் மீ என்ற ஆங்கிலேய ஓவியர் 1988-இல், எண்பதை நெருங்கும் வயதில், படகில் போய் அது இரவில் விரிவதை நேரில் பார்த்து வரைந்தார். படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். மொட்டை மாடித் தொட்டியில் வெள்ளக்காட்டை உண்டாக்க முடியாது.

துண்டு நடுவது

விதை வேண்டாம், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஒரு சாண் நீளத் துண்டு போதும். முற்றிய தண்டாக இருக்கட்டும். தளதளவென்ற இளம்பச்சை நுனி அழுகிவிடும். வெட்டிய துண்டை நிழலில் ஒரு வாரம் சும்மா போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள். மழைக்காலமென்றால் பத்து நாள்கூட ஆகும். அவசரப்படுகிறவர்களுக்காகவே சொல்கிறேன், பச்சை வெட்டோடு ஈர மண்ணில் சொருகினால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டதாக அர்த்தம்.

இரண்டு விரல்கட்டை ஆழம் போதும். துண்டு ஆடினால் வேர் பிடிக்காது, பக்கத்தில் ஈர்க்குக் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். எது அடி, எது நுனி என்று வெட்டும்போதே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் வந்துவிடும். லேசாக இழுத்தால் பிடிமானம் தெரியும். அதுவரை மேலாகத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம்.

மண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்

தொட்டிக் கலவையில்தான் பாதிச் செடிகள் சாகின்றன. தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே அள்ளிப் போடுகிறார்கள். அது நாலு மழையில் இறுகிக் களியாகிவிடும், வேருக்கு மூச்சு முட்டும். நான் போடுவது இது: பலா மரத்தடியில் மட்கிய இலைக்குப்பை மூன்று பங்கு, சிறிதாக வெட்டிய தேங்காய்க் கதம்பை (மட்டை) இரண்டு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு, உடைந்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கை. மண் என்று தனியாக எதுவும் இல்லை. கதம்பையை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, பழுப்புச் சாறு வடிந்து தெளியும் வரை தண்ணீரை மாற்றிவிட்டுப் போடுங்கள். கடையில் விற்கும் தென்னை நார்த்தூள் வேறு சரக்கு. அது மட்டும் போட்டால் ஈரத்தை விடவே விடாது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுக வேண்டும். மேலே குளம் கட்டினால் கலவையைத் திரும்பக் கொட்டி ஜல்லி சேருங்கள்.

தொட்டி பெரிதாக வேண்டாம். பத்து அங்குலத் தொட்டியில் நாலைந்து ஆண்டு தாராளமாக இருக்கும். வேர் நெருக்கத்தில்தான் நிஷாகந்தி நன்றாகப் பூக்கிறது. பெரிய தொட்டிக்கு மாற்றினால் பூவை மறந்து தண்டாக விட்டுத் தள்ளும்.

மரத்தில் ஏற்றுவது

இடம் இருக்கிறவர்கள் தொட்டியை விட்டு மரத்துக்கு வாருங்கள். கிராண்டிஃப்ளோரஸும் டெரந்தஸும் மரத்தில் ஏறினால்தான் நிஜ முகத்தைக் காட்டும். மா, பலா, பலாவின் உறவான அயனி நல்லது. தோல் உரியும் மரம் ஆகாது, கொய்யாவில் ஏற்றினால் பட்டையோடு சேர்ந்து செடியும் கழன்று வரும். தென்னை பிடிமானத்துக்கு அருமைதான், ஆனால் ஓலை விழுந்து நுனியை ஒடிக்கும். பால் வெட்டுகிற ரப்பரில் ஏற்றாதீர்கள். வெட்டுகிறவர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

மரத்தடியில் குழி தோண்டி வைக்காதீர்கள், தண்ணீர் தேங்கும். மரத்தின் அடிமூட்டில் மேற்சொன்ன கலவையை ஒரு கூடை அளவுக்கு மேடாகக் குவித்து, அதில் வேர் பிடித்த துண்டை மரத்தோடு ஒட்டிச் சாய்த்து நடுங்கள். தண்டைப் பாருங்கள், ஒரு பக்கம் சின்னச் சின்ன முளை மாதிரி காற்று வேர்கள் தெரியும். அந்தப் பக்கம் பட்டையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிக் கட்டினால் ஒரு வருஷம் வீணாகும். கட்ட வாழை நார்தான் நல்லது. வேர் பட்டையைப் பிடிக்கிறதற்கும் நார் இற்று விழுகிறதற்கும் கணக்கு சரியாக இருக்கும். பிளாஸ்டிக் கயிறும் கம்பியும் தண்டு பருத்ததும் அறுத்துவிடும்.

டிராகன் கொடியை மட்டும் மரத்தில் ஏற்ற வேண்டாம். முற்றினால் எடை தாங்காது, பழம் பறிக்கவும் ஆகாது. ஆள் உயரக் கான்கிரீட் தூண், உச்சியில் குறுக்குக் கம்பி, அதன்மேல் பழைய ஸ்கூட்டர் டயர், தூணைச் சுற்றி நாலு துண்டு. தண்டு உச்சியைத் தொடும் வரை பக்கக் கிளைகளை வெட்டிக்கொண்டே வாருங்கள். உச்சியைத் தாண்டி டயர் வழியாகக் கீழே தொங்கும் கிளைகளில்தான் பூ வரும்.

நிஷாகந்தியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதன் அடியிலிருந்து உருண்டையான நீளக் குச்சி ஒன்று ஆள் உயரத்துக்குக் கிளம்பும். இலையும் இல்லை பூவும் இல்லை என்று பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். தட்டையான கிளைகள் அதிலிருந்துதான் பக்கவாட்டில் பிரியும், பூ அந்தத் தட்டைக் கிளைகளின் வெட்டு இடுக்கில்தான் வரும்.

வெயில், தண்ணீர், உரம்

காலை வெயில் ஒன்பது, பத்து மணி வரை படட்டும். அதன் பிறகு நிழல். தண்டு சிவந்து மஞ்சள் தட்டினால் வெயில் அதிகம். வெளிறி ஒல்லியாக நீண்டால் வெயில் போதவில்லை. மதுரை, சென்னைக்காரர்கள் சித்திரை, வைகாசியில் ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள், மேற்குச் சுவர் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஊட்டிக்காரர்கள் பனிக்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். உறைபனி பட்டால் தண்டு வெந்த மாதிரி ஆகிவிடும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். விரலை விட்டுப் பாருங்கள், மேல் அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மார்கழி, தையில் குறைத்துவிடுங்கள். சுருங்கும் அளவுக்குக் காய விட வேண்டாம், ஆனால் செடி கொஞ்சம் தூங்க வேண்டும். அந்த ஓய்வுக்குப் பிறகு வரும் மழைக்குத்தான் மொட்டு விடும். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஜூனில் ஒரு சுற்று, அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் ஒரு சுற்று என்று பூக்கிறது.

உரத்தில் ஒரே விதி: பூ வேண்டுமென்றால் தழைச்சத்தைக் குறையுங்கள். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றிவிட்டு "மூணு வருஷமா பூக்கலை" என்று வருகிறவர்கள் உண்டு. செடி கொழுகொழுவென்று இருக்கும், ஏன் பூக்கப் போகிறது? மாசியில் ஒரு கரண்டி எலும்புத்தூளும் ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலும் கிளறிவிடுங்கள். புண்ணாக்கு, பூத்து முடிந்த பிறகு.

பூச்சி என்றால் மாவுப்பூச்சிதான், அதைச் சுமந்து வரும் எறும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பு. மழைக்காலத்தில் நத்தை இளம் நுனியைத் தின்னும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். தண்டில் பழுப்பு மென்மை பரவினால் நல்ல சதை தெரியும் வரை வெட்டி எறியுங்கள், மருந்து தேடி அலைய வேண்டாம்.

மொட்டு வந்த பிறகு

வெட்டு இடுக்கில் சிவந்த புள்ளி ஒன்று தெரியும். அது புதுத் தண்டா மொட்டா என்று முதல் வாரம் தெரியாது. தட்டையாகக் கூர்ந்தால் தண்டு. உருண்டு செதில் போர்த்தினால் மொட்டு. மொட்டு என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து தொட்டியை நகர்த்தாதீர்கள், திருப்பக்கூடச் செய்யாதீர்கள். கூடத்தில் வைத்தால் எல்லாரும் பார்க்கலாமே என்று உள்ளே தூக்கிப்போய் மொட்டு உதிர்ந்தது என்று சொல்கிற வீடு தெருவுக்கு ஒன்று இருக்கிறது. இந்தச் சமயத்தில் வேர் காய்ந்தாலும் உதிரும்.

நிஷாகந்திக்குப் புள்ளியிலிருந்து பூ வரை மூன்று, நான்கு வாரம். குழல் நீண்டு கீழே தொங்கும். கடைசி இரண்டு மூன்று நாளில் கழுத்து வளைந்து மொட்டு மேலே நிமிரும், வயிறு உப்பும். அன்றைக்குத்தான் என்பதற்கு அடையாளம் சாயங்காலம் கிடைக்கும்: ஆறு மணிவாக்கில் வெளிப்புற இளஞ்சிவப்புச் செதில்கள் மொட்டை விட்டு விலகி நிற்கும், நுனியில் ஒரு விரல்நுனி நுழையும் அளவு வாய் திறந்திருக்கும். அப்படித் தெரிந்தால் இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணிக்கு மேல் வேகம் பிடிக்கும். உற்றுப் பார்த்தால் இதழ் அசைவது கண்ணுக்கே தெரியும். மெதுவாக நகராது, சின்னதாக ஒரு துடிப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு துடிப்பு. ஒன்பதுக்கு வாசனை முற்றம் முழுக்க வந்துவிடும். பத்து, பதினொன்றுக்கு முழு விரிவு. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் கீழ்ப்பக்கமாகச் சரிந்து ஒரு படுக்கை மாதிரி கிடக்கும், குழல் வாயைச் சுற்றி இன்னொரு வளையம் தனியாக நிற்கும், அவற்றுக்கு மேலே சூல்முடி பல விரலாகப் பிரிந்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். சொந்த ஊரில் இந்த ஏற்பாடெல்லாம் நீள நாக்கு அந்துப்பூச்சிக்காக. ஃபோட்டோ பிளாஷால் பூவுக்கு ஒன்றும் ஆகாது. விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள் கும்பிடலாம், சுடரை மட்டும் இதழுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

விடியும்போது துவண்டுவிடும். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் முழுக்க விரிந்த பூவை நறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடிய பூ தானே விழும், இழுக்காதீர்கள். வீட்டு நிஷாகந்தி காய்ப்பதில்லையே என்று கேட்பார்கள். தன் மகரந்தம் தனக்கே ஆகாது, அக்கம்பக்கத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே தாய்ச்செடியின் துண்டுகள். டிராகனில் வெள்ளைச் சதை ரகம் பொதுவாகத் தானே காய்க்கும். சிவப்புச் சதை ரகங்களில் பலவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் வெள்ளை ரகப் பூவிலிருந்து பெயிண்ட் பிரஷ்ஷால் எடுத்துத் தடவிவிட்டால் ஒரு மாதம் சுமாரில் பழம். தடவிய பிறகு வாடும் டிராகன் பூவை வீணாக்க வேண்டாம், தென்சீனாவில் காயவைத்து சூப்பில் போடுகிறார்கள்.

துண்டு அனுப்புவது

பூத்த செய்தி பரவியதும் துண்டு கேட்டு ஆள் வரும். பூவும் மொட்டும் இருக்கும்போது வெட்டாதீர்கள், முடிந்த பிறகு கொடுங்கள். வெளியூருக்கு கூரியரில் அனுப்புவதென்றால் வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த துண்டாகப் பார்த்து, உலர்ந்த செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போடுங்கள். ஈரத்துணி, பாலித்தீன் இரண்டும் வேண்டாம், வழியிலேயே அழுகிவிடும். தண்டு ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும். ஸ்கெட்ச் பேனாவால் தண்டின்மேல் நுனியைப் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் இனத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்.